காலால் இமயத்தை அளந்த வாத்தியார்



போன செமஸ்டரில் ஒரு மத்தியானம். சர்வே பிராக்டிகல் முடிந்து நாங்கள் ஆறு பேர் வேப்பமரத்தடியில் சோற்று டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு இமயமலைக்கு டிரெக்கிங் போகத் திட்டம் போட்டோம். ஒருவன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் பட்டியல் எழுதினான். ஷூ, ஜெர்கின், கூடாரம், டெல்லிக்கு ரயில், அங்கிருந்து பஸ். கூட்டிப் பார்த்தால் ஆளுக்கு வந்த தொகை எங்கள் வீட்டு நான்கு மாத வாடகை! பேசாமல் நோட்டை மூடிவிட்டோம்.

பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த சர்வே சார் ஒன்றே ஒன்று கேட்டார். இத்தனை சாமான் எழுதினீர்களே, நீங்கள் என்ன பழக வேண்டும் என்று ஒரு வரியாவது எழுதினீர்களா என்றார். பிறகு ஒரு பெயரைச் சொல்லி, லைப்ரரியில் தேடிப் படிக்கச் சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பெயர் நைன் சிங் ராவத். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

கதை இமயத்தில் தொடங்கவில்லை, நம்ம ஊரில் தொடங்குகிறது. எலக்ட்ரிக் ட்ரெயினில் பல்லாவரம் தாண்டியதும் தெரிகிறதே பரங்கிமலை, அங்கிருந்து பெரும்பாக்கம் குன்று வரை சுமார் 12 கிலோமீட்டர் தூரத்தை 1802 ஏப்ரல் 10-ஆம் தேதி முதல் வில்லியம் லாம்டன் என்ற அதிகாரி எஃகுச் சங்கிலி போட்டு அளந்தார். அதற்கு 57 நாள் பிடித்தது. அந்த ஒரு கோட்டை அடிப்படையாக வைத்து முக்கோணம் முக்கோணமாக வடக்கே நகர்ந்த வேலைதான் இந்தியாவின் பெரிய முக்கோண அளவை. லாம்டன் 1823-இல் வழியிலேயே இறந்துபோனார். வேலை நிற்கவில்லை, இமயமலை வரைக்கும் போனது. ஆனால் மலைக்கு அந்தப் பக்கம் திபெத். வெளிநாட்டார் உள்ளே நுழையத் தடை. தியோடலைட்டைத் தூக்கிக்கொண்டு யார் போக முடியும்? வரைபடத்தில் அந்த இடம் வெள்ளையாகவே கிடந்தது.

அந்த வெள்ளை இடத்தை நிரப்பியவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் என்றால் நம்புவீர்களா?

நைன் சிங் 1830-இல் பிறந்தார். ஊர் மிலம். இன்றைய உத்தரகாண்ட் மாநிலத்தில், ஜோஹார் பள்ளத்தாக்கின் கோடியில், 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் கிராமம். நம்ம பரங்கிமலை சுமார் 90 மீட்டர்தான், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அந்த ஊர்க்காரர்கள் கோடையில் கணவாய் ஏறித் திபெத்துக்குப் போய் வியாபாரம் செய்பவர்கள். சிறுவயதில் அப்பாவோடு அந்தப் பாதையில் நடந்துதான் அவர் திபெத்திய மொழியும் பழக்கவழக்கமும் கற்றார். 1855 முதல் ஷ்லாகின்ட்வைட் என்ற ஜெர்மானியச் சகோதரர்களின் ஆய்வுப் பயணத்தில் வேலை பார்த்தார். பிறகு சொந்த ஊரிலேயே அரசுப் பள்ளியில் ஆசிரியர் ஆனார்.

1863-இல் அவரையும் அவருடைய சொந்தக்காரர் மணி சிங்கையும் சர்வே துறை டேராடூனுக்கு அழைத்தது. அழைக்கச் சொன்னவர் மான்ட்கோமரி என்ற பிரிட்டிஷ் அதிகாரி. வெள்ளைக்காரன் போனால் பிடித்துவிடுவார்கள், மலைக்காரன் போனால் சந்தேகம் வராது என்பது அவர் கணக்கு.

நண்பர்களே, இங்கேதான் நாம் கவனிக்க வேண்டும். ஒரு பயணத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட பயிற்சி சுமார் இரண்டு வருடம். நட்சத்திரங்களை அடையாளம் காண, செக்ஸ்டண்ட் வைத்து அட்சரேகை கண்டுபிடிக்க, காம்பஸ் பார்க்க, தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலையை வைத்து உயரம் சொல்ல, எல்லாம் கற்றார். நாம் பிசிக்ஸில் படித்ததுதான். ஏறத்தாழ 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை ஒரு டிகிரி குறையும். லாசாவில் 88 டிகிரிக்கே தண்ணீர் கொதித்துவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான பயிற்சி நடப்பது! மேடோ பள்ளமோ சமதரையோ, ஒரே அளவு அடி வைக்கப் பழகினார். ஒரு மைலுக்கு 2,000 அடிவைப்பு. எண்ணிக்கை தவறாமல் இருக்கக் கையில் ஜெபமாலை. புத்த மதத்தாரின் மாலையில் 108 மணி இருக்கும். இவர் மாலையில் 100 மணிதான். நூறு அடி வைத்தால் ஒரு மணியைத் தள்ளுவார். மாலை ஒரு சுற்று வந்தால் 10,000 அடிவைப்பு, அதாவது ஐந்து மைல். ஜெபச்சக்கரத்துக்குள் மந்திரச் சுருளுக்குப் பதிலாக அளவுக் குறிப்புகள். ஜெபம் செய்கிறவனை யாரும் குறுக்கே பேசித் தொந்தரவு செய்யமாட்டார்கள் அல்லவா! பெட்டியின் ரகசிய அறையில் செக்ஸ்டண்ட், சோழிகளுக்குள் பாதரசம். மரக் கிண்ணத்தில் அதை ஊற்றினால் அசையாத சமமட்டம் கிடைக்கும், அதில் நட்சத்திரத்தைப் பார்த்துக் கோணம் எடுக்கலாம்.

இதைப் படித்தபோது எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. எங்க அப்பா கொத்தனார். முடிச்சூர், மண்ணிவாக்கம் பக்கம் வேலை. மனையைப் பார்க்கப் போனால் டேப் வருவதற்கு முன்னாலேயே காலால் அடி வைத்து நீள அகலம் சொல்லிவிடுவார். அவர் பையில் எப்போதும் ரசமட்டம் இருக்கும். முதல் வருடம் காலேஜில் சேர்ந்தபோது அப்பா என்ன வேலை என்று கேட்டவர்களிடம் நான் கான்ட்ராக்டர் என்று சொன்னேன். எங்க வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். எனக்கு ஏனோ அப்படிச் சொல்லத் தோன்றியது. அது இருக்கட்டும், கதைக்கு வருகிறேன்.

1865 ஜனவரியில் இருவரும் டேராடூனிலிருந்து கிளம்பினார்கள். குமாவோன் வழி சரிப்படவில்லை. நேபாளம் போய் நுழையப் பார்த்தார்கள், எல்லையில் தடுத்துவிட்டார்கள். மணி சிங் வேறு வழியில் பிரிந்து போனார். நைன் சிங் திட்டத்தை மாற்றினார், இலக்கை மாற்றவில்லை. லடாக் வியாபாரி போல வேஷம் போட்டுக்கொண்டு திரும்ப முயன்று உள்ளே போய்விட்டார். லடாக் வணிகர் கூட்டத்தோடு சேர்ந்து சாங்போ ஆற்றை ஒட்டி நடந்தார். நமக்கு அது பிரம்மபுத்திரா. பகலில் மாலை, இரவில் நட்சத்திரம்.

1866 ஜனவரி 10-ஆம் தேதி லாசா போய்ச் சேர்ந்தார். கையில் காசு தீர்ந்தபோது நேபாள வணிகர்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துச் சாப்பிட்டார். வாத்தியார் தொழில் கைவிடவில்லை! அனுமதியில்லாமல் நகருக்குள் வந்த ஒரு சீனருடைய தலையைப் பொது இடத்தில் வெட்டியதை அவர் கண்ணால் பார்த்தார். தன்னைப் பிடித்தாலும் அதே கதிதான் என்று தெரியும். அதற்குப் பிறகும் அளப்பதை விடவில்லை. ஏப்ரலில் கிளம்பி, அதே வருடம் அக்டோபரில் டேராடூன் திரும்பினார். நடந்து அளந்த தூரம் சுமார் 1,200 மைல். எண்ணிய அடிவைப்புகள் ஏறத்தாழ 25 லட்சம். லாசா எங்கே இருக்கிறது, எவ்வளவு உயரம், சாங்போ எப்படி ஓடுகிறது என்பதெல்லாம் அதன்பிறகே வரைபடத்தில் சரியாக ஏறின.

1867-இல் மறுபடி போய், 16,000 அடிக்கு மேலே இருக்கும் தோக் ஜாலுங் தங்கச் சுரங்கங்களைப் பார்த்து வந்தார். கடைசிப் பயணம் 1874-இல். லேயில் கிளம்பி, ஆட்டு மந்தையின் முதுகில் சாமான் ஏற்றிக்கொண்டு, லாசா வழியாக 1875-இல் அசாமில் வந்து இறங்கினார்.

ஒரு விஷயம் மனதை உறுத்துகிறது. முதல் பயண அறிக்கை லண்டனில் வெளிவந்தபோது அதில் அவர் பெயர் இல்லை. பண்டிட் என்றுதான் போட்டார்கள். ரகசியம் காக்க வேண்டும் என்பது காரணம். அந்த வரைபடம் ஆங்கில அரசின் அரசியலுக்குப் பயன்பட்டது என்பதையும் மறைக்க முடியாது. ஓய்வு பெறும் காலத்தில்தான் பெயர் வெளியே வந்தது. 1877-இல் லண்டன் ராயல் புவியியல் சங்கம் தங்கப் பதக்கம் கொடுத்தது. இந்திய அஞ்சல் துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டது 2004-இல்.

படித்து முடித்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவை எங்க தெருக்கோடி மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். 30 மீட்டர் டேப்பை நீட்டிப் பிடித்துவிட்டு, டேப்பைப் பார்க்காமல் பத்து தடவை நடக்கச் சொன்னேன். எதுக்குடா என்று சிரித்துக்கொண்டே நடந்தார். எட்டு தடவை ஒரே எண்ணிக்கை, இரண்டு தடவை ஒரு அடிவைப்புதான் வித்தியாசம். நான் நடந்தபோது ஒவ்வொரு தடவையும் ஒரு கணக்கு வந்தது! சர்வே படிக்கிறவன் நான். மறுநாள் நண்பர்களிடம் அப்பா கொத்தனார் என்று சொன்னேன். யாரும் ஒன்றும் நினைக்கவில்லை. ஒருவன் மட்டும், வீட்டில் மாடிப்படி கட்ட வேண்டும், வருவாரா என்று கேட்டான்.

எங்கள் இமயத் திட்டத்தை இப்போது திருப்பி எழுதியிருக்கிறோம். போகும் இடம் மிலம். 1962 போருக்குப் பிறகு திபெத் வியாபாரம் நின்று, ஊர் பெரும்பாலும் காலியாகிவிட்டது. முன்சியாரி வழியாக நடந்து போவதாகத் திட்டம். 3,000 மீட்டருக்கு மேலே போனால், இரவு தங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, இல்லாவிட்டால் தலைவலி, வாந்தி, மூச்சுத்திணறல். அதனால் நாள் அதிகம் வேண்டும், பணமும் அதிகம் வேண்டும். வேலைக்குப் போய்ச் சேர்த்தால் ஒருநாள் நடக்கும்.

ஆனால் பட்டியலின் முதல் வரி ஷூ இல்லை. வரும் டிசம்பரில் பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் குன்று வரை நடை. நைன் சிங் கணக்கில் 15,000 அடிவைப்பு, அவர் மாலையில் ஒன்றரைச் சுற்று. மணி கோக்கப் புளியங்கொட்டை போதும், செலவு இல்லை. இன்று தெருவெல்லாம் சுற்றிப் போக வேண்டும், அதனால் கணக்கு கூடத்தான் வரும். எவ்வளவு கூடுகிறது என்று பார்ப்பதே எங்கள் முதல் பாடம்.

அன்று வேலைக்கு லீவு போட்டுவிட்டு அப்பாவும் வருகிறேன் என்கிறார். எண்ணும் பொறுப்பை அவரிடமே கொடுத்திருக்கிறோம்.



— இரண்டாம் ஆண்டு மாணவன், சிவில் பிரிவு