நம்பிக்கைகளைத் திரட்டிய தர்ஸ்டன்

பூனை குறுக்கிட்டாற் பயணத்தை நிறுத்துவதும், பல்லி சொல்லுக்குப் பலன் பார்ப்பதும், கண்ணூறு பட்ட குழந்தைக்கு உப்பும் செத்தல் மிளகாயும் சுற்றி அடுப்பிலிடுவதும் எங்கள் கல்முனைக் கரையோர வீடுகளுக்குப் புதியன அல்ல. இந்து, முஸ்லிம் என்ற வேறுபாட்டையும் இவை பெரிதாகப் பார்ப்பதில்லை. தென்னாட்டு இல்லங்களில் வழங்கிய இத்தகைய நம்பிக்கைகளை நூலாகத் திரட்டியவருள் முன்னிற்பவர் எட்கார் தர்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர்.

1855இல் பிறந்த அன்னார், இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் மருத்துவம் பயின்றவர். 1885இற் சென்னை அரசினர் அருங்காட்சியகத்தின் மேற்பார்வையாளரானார். முதலில் அவர் கருத்தை ஈர்த்தது கடல். மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பையும் சங்குகுளிப்பையும் ஆராய்ந்து 1890இல் நூல் வெளியிட்டார். சுறாவின் வாயைக் கட்டவல்லவர் என நம்பப்பட்ட கடல்கட்டிகள் துணை நின்றாலன்றிக் கடலில் இறங்கத் துணியாத குளியாளர் பலர் வாழ்ந்த காலம் அது.

1901இற் சென்னை மாகாணத்து இனவரைவுப் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. ரங்காச்சாரியாரின் துணையோடு 1909இல் ஏழு தொகுதிகள் வெளிவந்தன. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அவற்றைப் பின்னாளில் தமிழாக்கி வெளியிட்டது. சகுனம், கண்ணேறு, நேர்த்திக்கடன், மந்திரம் முதலியவற்றுக்கென 1912இல் தனிநூல் ஒன்றும் எழுதினார்.

நிற்க. அவர் ஊரூராகச் சென்றது ஏடும் எழுதுகோலும் மட்டும் கொண்டன்று. அளவுக் கருவிகளும் உடன் சென்றன. மூக்கின் நீள அகலங்களைக் கொண்டு மக்களின் குலவேறுபாட்டை அறியலாம் என்பது அக்கால ஆங்கில அறிஞர் சிலரது துணிபு. வயநாட்டுப் பணியர்குலப் பெண்கள், தம்மைப் பாடம்செய்து காட்சிக்கு வைக்கவே இவர் வந்தார் என்றஞ்சி ஓடினர். நீலகிரி இருளர் ஒருவர் உயரம் அளக்கும் கோலைத் தூக்குமரம் என்றே எண்ணினார். இவற்றைத் தம் பணிக்கு நேர்ந்த இடையூறுகளாகத் தர்ஸ்டன் எழுதிவைத்தார்.

அவ்வச்சத்தை அறியாமையென்று தள்ள என் மனம் ஒப்பவில்லை. குற்றவாளிகளை அடையாளங் காண்பதற்கு உதவும் உடலளவு முறையை மாகாணக் காவலர்க்குக் கற்பித்தவரும் இவரே. கோலைக் கண்டு நடுங்கியவர் அதன் பின்னிருந்த அதிகாரத்தை ஓரளவு சரியாகவே உணர்ந்திருந்தார். மூக்களவு கொண்டு குலத்தை அறியும் கொள்கையோ பிற்கால அறிவியலாற் கைவிடப்பட்டது. பிறர் மூடநம்பிக்கைகளைத் தொகுத்தவர், தம் காலத்து மூடநம்பிக்கையொன்றை அறிவியலென்றே கையிற் கொண்டு திரிந்தார்.

1935இல் இங்கிலாந்தின் பென்சான்சு நகரில் அவர் மறைந்தார். மாணாக்கர் அவர் நூல்களைக் கற்றல் வேண்டும். நம் பாட்டிமார் கூறியவை பல அங்கே காக்கப்பட்டுள்ளன. ஆயின், எழுதியவரின் நம்பிக்கை எதுவென்பதையும் உடன் வினவிக் கற்பாராக.