பெங்களூரில் ஒரு குளிர்காலம்

பெங்களூருக்குக் கிழக்கே உள்ள வைட்ஃபீல்ட் இன்று கணினி நிறுவனங்களால் அறியப்படும் ஊர். 1882-இல் மைசூர் மன்னர் சாமராஜேந்திர உடையார் ஆங்கிலோ-இந்தியர்களின் குடியேற்றத்திற்காக அங்கு 3,900 ஏக்கர் நிலம் வழங்கினார். அந்த முயற்சியை முன்னின்று நடத்திய டி. எஸ். ஒயிட் என்பவரின் பெயரே ஊருக்கு அமைந்தது. அங்கே வேவர்லி என்ற விடுதி ஒன்று இருந்தது. கன்டோன்மென்டிலிருந்து இளம் ராணுவ அதிகாரி ஒருவர் அங்கு வந்து போனதாகவும், விடுதிக்காரரின் மகளிடம் மனத்தைப் பறிகொடுத்ததாகவும் ஒரு கர்ணபரம்பரைக் கதை வழங்குகிறது. அந்த அதிகாரி, பிற்காலத்தில் இங்கிலாந்தின் பிரதமரான வின்ஸ்டன் சர்ச்சில்.

காதல் கதை எப்படியும் இருக்கட்டும். அவர் பெங்களூரில் வாழ்ந்தது உண்மை. அங்கு அவர் மேற்கொண்ட தவம் போன்ற ஒரு முயற்சியே நம் கவனத்திற்குரியது.

1896 அக்டோபரில் 4-ஆம் ஹுஸார் குதிரைப்படையுடன் சர்ச்சில் பம்பாயில் வந்திறங்கினார். அப்போது வயது 21. படகிலிருந்து துறைமுகப் படிக்கட்டில் கால் வைக்கும்போது, சுவரிலிருந்த இரும்பு வளையத்தைப் பற்றினார். அலை படகை இழுக்க, அவரது வலது தோள்மூட்டு நழுவியது. அந்தக் குறை வாழ்நாள் முழுவதும் நீங்கவில்லை. தோளைக் கட்டிக்கொண்டுதான் அவரால் போலோ ஆட முடிந்தது.

பெங்களூரில் அவருக்கு வாழ்க்கை வசதியாகவே அமைந்தது. சக அதிகாரிகள் இருவருடன் சேர்ந்து பெரியதொரு பங்களாவில் குடியேறினார். அகன்ற தாழ்வாரங்கள், இரண்டு ஏக்கர் தோட்டம், ரோஜாச் செடிகள், ஆளுக்கொரு பட்லர். அதிகாலையில் அணிவகுப்பு, மாலையில் போலோ, இரவில் விருந்து. பட்டாம்பூச்சிகளைப் பிடித்துச் சேர்த்தும் வைத்தார். எலி ஒன்று புகுந்து அத்தனையையும் தின்று தீர்த்தது! அந்தச் சூழலில் பலர் இவ்வாறே ஆண்டுகளைக் கழித்துவிட்டு ஊர் திரும்பினர்.

ஆனால் சர்ச்சிலின் உள்ளத்தில் ஒரு வெறுமை இருந்தது. தந்தை ராண்டால்ஃப் சர்ச்சில் புகழ்பெற்ற அரசியல்வாதி. 1895 ஜனவரி 24 அன்று, 45 வயதில் காலமானவர். மகன் எதற்கும் பயன்படமாட்டான் என்ற எண்ணத்துடனேயே அவர் கண்மூடினார். சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியின் நுழைவுத் தேர்வில் இருமுறை தோற்று மூன்றாம் முறை தேறிய மகன் அவர். பல்கலைக்கழகத்தின் வாசலையே மிதிக்காதவர். பிறர் பேச்சில் புழங்கும் பல சொற்களுக்குத் தமக்குப் பொருள் தெரியாது என்பதை அவர் உணரத் தொடங்கினார். ஒருவர் அறவியல் என்ற சொல்லைப் பயன்படுத்தியபோது அது என்னவென்றே அவருக்குப் புரியவில்லை. அதைப் பற்றி ஒன்றரை மணி நேரம் எடுத்துரைக்கும் அறிஞர் கிடைத்தால் இரண்டு பவுன் தரவும் தயாராக இருந்ததாகவும், பெங்களூரில் அப்படி ஒருவரும் இல்லை என்றும் பின்னாளில் தம் வாழ்க்கை வரலாற்றில் குறிப்பிட்டார்.

இந்த இடத்தில் நமக்குப் புன்னகை எழுகிறது. அதே ஊரில் சென்ட்ரல் கல்லூரி இருந்தது. தர்ம சாஸ்திரமும் வேதாந்தமும் கற்ற பண்டிதர்களுக்கு மைசூர் ராஜ்யத்தில் பஞ்சமில்லை. இரண்டு பவுனையும் வாங்காமலேயே சொல்லிக்கொடுக்கக்கூடியவர்கள் அவர்கள்! கன்டோன்மென்டின் எல்லையைத் தாண்டிக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே தமக்குத் தாமே ஆசிரியரானார். தாய்க்கு எழுதினார், புத்தகங்கள் கப்பலில் வந்தன. முதலில் எட்டுப் பாகங்கள் கொண்ட கிப்பனின் ரோமானிய வரலாறு. தந்தை விரும்பிப் படித்த நூல் என்பதே அதைத் தேர்ந்தெடுக்கக் காரணம். பிறகு மெக்காலே பன்னிரண்டு பாகங்கள். 1835-இல் நம் நாட்டுக் கல்வியின் போக்கையே மாற்றிய அதே மெக்காலேதான். பிளேட்டோவின் குடியரசு, அரிஸ்டாட்டிலின் அரசியல், ஷோபன்ஹோவர், மால்தஸ், டார்வின். தோழர்கள் பகலில் உறங்கிய வேளையில் அவர் படித்தார். நவம்பரில் தொடங்கிய இந்தப் பயிற்சி மே மாதம் வரை, நாள்தோறும் நான்கைந்து மணி நேரம் தொடர்ந்தது. தேர்வு இல்லை, பட்டம் இல்லை, பாராட்டுவோர் இல்லை. கல்வியில் மந்தமானவர் என்று பெயரெடுத்த ஓர் இளைஞர் கட்டாயம் ஏதுமின்றி இதைச் செய்தார் என்பது எளிய செய்தியன்று.

அந்த வாசிப்பு அவரது சமய நம்பிக்கையையும் அசைத்தது. சிலகாலம் மதத்தின்மீது கோபம்கூடக் கொண்டிருந்தார். மறு ஆண்டு வடமேற்கு எல்லைப் போரில் குண்டுகள் பறந்தபோதோ, தம்மையறியாமல் பிரார்த்தனை செய்வதைக் கண்டார். அறிவு தன் வழியில் செல்லட்டும், இதயம் தன் வழியில் செல்லட்டும் என்று ஓர் உடன்பாட்டுக்கு வந்தார். தத்துவ மாணவர்கள் இதனை ஏற்கமாட்டார்கள். ஆயினும் நேர்மையான ஒப்புதல்.

ஷோபன்ஹோவர் உபநிடதங்களைத் தலைமேல் வைத்துப் போற்றியவர். அவரது நூலை உபநிடதங்களின் நாட்டிலேயே அமர்ந்து படித்த சர்ச்சில், தாம் கற்றவற்றின் பட்டியலில் ஓர் இந்திய நூலையும் குறிப்பிடவில்லை. கன்டோன்மென்டில் எங்கும் தமிழ் ஒலித்தது. அவரோ இந்துஸ்தானி கற்பதும் தேவையற்றது, எல்லோரும் ஆங்கிலம் பேசுகிறார்கள் என்று தாய்க்கு எழுதினார். அந்தக் குளிர்காலத்தில்தான் பம்பாயில் பிளேக் பரவியது. பல மாகாணங்களில் பஞ்சம் தலைவிரித்தாடியது. ரோமப் பேரரசின் வீழ்ச்சியை வரிவரியாக ஆராய்ந்த கண்கள், வாசலில் நின்ற நாட்டை நிமிர்ந்து பார்க்கவில்லை. கூர்மையான புத்தி இருந்தும் அது எத்திசையில் திருப்பப்படுகிறது என்பதில் எவ்வளவு அடங்கியிருக்கிறது!

இதன் விலையை நம் மக்கள் பின்னர் செலுத்தினர். 1930-களில் இந்தியத் தன்னாட்சியை மிகக் கடுமையாக எதிர்த்தவர் அவர், காந்தியடிகளை இகழ்ந்தவர். 1943 வங்கப் பஞ்சத்தில் ஏறத்தாழ 30 லட்சம் பேர் மடிந்தனர். தானியக் கப்பல்களை அனுப்புவதில் அவரது போர்க்கால அமைச்சரவை காட்டிய தயக்கத்தை வரலாற்றாசிரியர்கள் பலர் கண்டித்துள்ளனர். ஹிட்லருக்கு எதிராக உறுதியுடன் நின்றவரும் அவரே. 1953-இல் இலக்கியத்திற்கான நோபல் பரிசு பெற்றவரும் அவரே. எல்லைப் போரைப் பற்றிய அவரது முதல் நூல் பெங்களூரில்தான் எழுதப்பட்டது.

1899-இல் அவர் இந்தியாவை விட்டுச் சென்றார். 1965-இல், தந்தை மறைந்த அதே ஜனவரி 24 அன்று, 90-ஆம் வயதில் காலமானார். பெங்களூர் கிளப்பில் 1899 ஜூன் மாதத்துக் கணக்கேடு ஒன்று பாதுகாக்கப்பட்டு வருகிறது. வசூலிக்க இயலாத கடன்களின் பட்டியலில் லெப்டினன்ட் சர்ச்சிலின் பெயர் அதில் உள்ளது. பாக்கி 13 ரூபாய்.