லோடே இல்லாதப்பவும் டிரான்ஸ்ஃபார்மர் கரண்ட் இழுப்பது ஏன்? கணக்குப் போட்டுச் சொன்ன ஸ்டெய்ன்மெட்ஸ் யார்?

தென்காசி மாவட்டம் சிவகிரி பக்கம் வயல்வெளியில் ராத்திரி பம்புசெட் எல்லாம் நின்னாச்சு. ஆனாலும் கம்பத்தில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் 'உம்ம்'னு சத்தம் போட்டுக்கிட்டே இருக்கும். யாருமே கரண்ட் எடுக்காதபோது அதற்கு என்ன வேலை? அப்போது வீணாகும் மின்சாரத்தைக் கணக்கிட வழி காட்டியவர்தான் சார்லஸ் ஸ்டெய்ன்மெட்ஸ்.

யார் இவர்?

1865 ஏப்ரல் 9-ம் தேதி பிரஷ்யாவின் பிரெஸ்லாவ் நகரில் பிறந்தார். இன்று அந்த ஊர் போலந்தில் இருக்கிறது. அப்பாவைப் போலவே பிறவியிலேயே கூன் முதுகு. உயரம் சுமார் 4 அடிதான். ஆனால் கணக்கில் புலி.

கல்லூரி நாட்களில் சோஷலிச இயக்கத்தில் சேர்ந்தார். கைதாகும் நிலை வந்ததால், டாக்டர் பட்டம் வாங்கும் முன்பே 1888-ல் ஊரைவிட்டுத் தப்பினார். சூரிச் போய், 1889-ல் அமெரிக்காவில் இறங்கினார். கையில் காசில்லை, இங்கிலீஷும் சரியா வராது. குடியேற்ற அதிகாரிகள் திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். கூட வந்த நண்பர் பொறுப்பேற்றதால்தான் உள்ளே விட்டார்கள்.

என்ன கண்டுபிடித்தார்?

நியூயார்க் அருகே யாங்கர்ஸில் ஐக்மையர் என்பவரின் நிறுவனத்தில் வேலை கிடைத்தது. மின் இயந்திரங்களின் இரும்பு ஏன் இவ்வளவு சூடாகிறது என்பது அன்றைய பெரிய தலைவலி. செய்து பார்த்தால்தான் தெரியும் என்ற நிலை.

டிரான்ஸ்ஃபார்மர் லைனில் இருக்கும்வரை அதன் இரும்பு கோர் காந்தமாகி, திசை மாறிக்கொண்டே இருக்கும். நம்ம ஊர் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் நொடிக்கு 100 முறை! ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் சக்தி வெப்பமாகப் போகிறது. இதுதான் ஹிஸ்டெரிசிஸ் இழப்பு. இரும்புக்குள்ளேயே சுழலும் எடி கரண்டாலும் கொஞ்சம் போகும். லோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த இழப்பு கிட்டத்தட்ட ஒரே அளவுதான். அந்தச் சத்தமும், காந்தமாகும்போது இரும்பு நூலளவு நீண்டு சுருங்குவதால் வருவதே.

பல இரும்பு வகைகளைச் சோதித்த ஸ்டெய்ன்மெட்ஸ், 1892-ல் ஒரு விதியை வெளியிட்டார். காந்த அடர்த்தியின் 1.6 அடுக்குக்கு ஏற்ப ஹிஸ்டெரிசிஸ் இழப்பு கூடும். அதாவது அடர்த்தி இரட்டிப்பானால் இழப்பு சுமார் 3 மடங்கு. இதன்பிறகு இந்த இழப்பைப் பேப்பரிலேயே கணக்கிட முடிந்தது.

பிறகு என்ன ஆனது?

ஐக்மையர் நிறுவனத்தை ஜெனரல் எலக்ட்ரிக் வாங்க, இவரும் கூடவே போனார். ஏசி கரண்ட் கணக்குகளைக் கலப்பு எண்களால் எளிதாக்கினார். எலக்ட்ரிக்கல் மாணவர்கள் இன்றும் படிப்பது அந்த முறையைத்தான். யூனியன் கல்லூரியில் பாடம் எடுத்தார். ஒரு காலத்தில் கதவு திறக்கத் தயங்கிய நாட்டில், 1901-ல் மின் பொறியாளர் சங்கத்துக்கே தலைவரானார்.

திருமணம் செய்துகொள்ளவில்லை. குடும்ப முதுகுக் குறைபாடு பிள்ளைகளுக்கும் வரக்கூடாது என்று நினைத்தார். தன் உதவியாளரையே மகனாகத் தத்தெடுத்து, அவர் பிள்ளைகளுக்குத் தாத்தாவாக வாழ்ந்தார். 1923 அக்டோபர் 26-ம் தேதி, 58 வயதில் மறைந்தார். ஆனால் அவர் போட்ட கணக்கு மறையவில்லை. உங்கள் மொபைல் சார்ஜருக்குள் இருக்கும் குட்டி டிரான்ஸ்ஃபார்மரை வடிவமைப்பவர்களும் இன்று தொடங்குவது ஸ்டெய்ன்மெட்ஸ் சமன்பாட்டில்தான்.