இதயத்தை எழுத வைத்தவர்

தேர்வுக் காலத்தில் நெஞ்சு படபடக்கிறதே, ஆபத்தா என்று மருத்துவம் பயிலும் என்னிடம் நண்பர்கள் கேட்பதுண்டு. நாடி பிடித்துப் பார்த்து மட்டும் இதற்கு விடை கூறிவிட முடியாது. துடிப்பு எவ்வகையில் தவறுகிறது என்பதைக் கண்ணால் காண வேண்டும். அதற்கு வழி வகுத்தவர் வில்லெம் எய்ந்தோவன். அவர் வாழ்க்கையைப் படித்தபோது, நம் அண்டை மண்ணான ஜாவாவில் பிறந்தவர் என்பதறிந்து வியந்தேன்.

1860-ஆம் ஆண்டு மே 21-ஆம் நாள் செமாராங் நகரில் ஒரு மருத்துவரின் மகனாகப் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். 1870-இல் தாயார் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஹாலந்து நாட்டு ஊட்ரெக்ட் நகரில் குடியேறினார். அங்கே மருத்துவம் பயின்ற எய்ந்தோவன், படிப்போடு வாள்வீச்சிலும் படகோட்டத்திலும் ஈடுபட்டார். விளையாட்டில் மணிக்கட்டு முறிந்தபோது சோர்ந்து அமரவில்லை. கை மூட்டின் இயக்கத்தையே ஆராய்ச்சிப் பொருளாக்கிக் கொண்டார்! 1886-இல், 25 வயதிலேயே லைடன் பல்கலைக்கழகத்தில் உடலியங்கியல் பேராசிரியரானார்.

இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் சிறு மின்சாரத்தை எழுப்புகிறது. 1887-இல் லண்டனில் அகஸ்டஸ் வாலர் அதை முதன்முதலில் பதிவு செய்தார். ஆனால் அவர் பயன்படுத்திய பாதரசக் கருவி மந்தமானது. துடிப்பின் வேகத்திற்கு அது ஈடுகொடுக்கவில்லை. எய்ந்தோவன் மனம் தளராமல் கணக்கிட்டு அதன் பிழையைத் திருத்தினார். 1895-இல் அலைகளுக்கு பி, கியூ, ஆர், எஸ், டி எனப் பெயரிட்டார். இன்றும் நாங்கள் அப்பெயர்களையே படிக்கிறோம். பி மேலறைகளைக் காட்டும். கியூ, ஆர், எஸ் கீழறைகளைக் காட்டும். டி கீழறைகள் மீண்டும் ஆயத்தமாவதைக் காட்டும்.

பின்னர் காந்தப் புலத்தில் மெல்லிய குவார்ட்ஸ் இழையைக் கட்டி, அதன் அசைவை ஒளியால் பதிவு செய்யும் கருவியை உருவாக்கினார். அதன் எடை ஏறக்குறைய 270 கிலோ. இயக்க ஐவர் தேவைப்பட்டனர். நோயாளி உப்புநீர்ப் பாத்திரங்களில் கைகளையும் காலையும் வைத்திருக்க வேண்டும். கருவியை நகர்த்த இயலாததால், 1905-இல் ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவிலிருந்த மருத்துவமனையைத் தொலைபேசிக் கம்பியால் ஆய்வகத்தோடு இணைத்தார்.

இதனால் விளைந்த பயன் பெரிது. அதுவரை பொதுவாக ஒழுங்கற்ற நாடி என்றிருந்தது வகை வகையாகப் பிரிந்தது. இடையே முந்தி விழும் கூடுதல் துடிப்பு, நலமான இதயத்தில் பெரும்பாலும் தீங்கற்றது. மேலறைகள் ஒழுங்கின்றி நடுங்கினால் பி அலை மறையும். அங்கே இரத்தம் உறைந்து, மூளைக்குச் சென்று பக்கவாதம் வரலாம். லண்டனில் தாமஸ் லூயிஸ் 1909-இல் இந்நோயைத் தெளிவுபடுத்தியது எய்ந்தோவனின் கருவியால்தான். மேலறையின் மின்செய்தி கீழறையை எட்டாவிட்டால் துடிப்பு மிகக் குறையும். இன்று அதற்குப் பேஸ்மேக்கர் உண்டு. கீழறைகளே நடுங்கினால் சில நிமிடங்களில் உயிர் போகும்.

1924-இல் நோபல் பரிசு பெற்ற எய்ந்தோவன், 1927 செப்டம்பர் 29-இல் லைடனில் மறைந்தார்.

நண்பர்களே, ஓட்டத்திற்குப் பின்னும் அச்சத்திலும் நெஞ்சு விரைந்து துடிப்பது இயல்பே. ஆனால் படபடப்போடு மயக்கமோ மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் காலந் தாழ்த்தாதீர்கள். துடிப்பு அடங்கிய பின் எடுக்கும் ஈ.சி.ஜி. குறையின்றித் தோன்றக்கூடும். படபடப்பு இருக்கும்போதே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். எய்ந்தோவன் இதயத்திற்கு எழுத்தறிவித்தார். அது எழுதும் வேளையில் படிக்க ஆள் வேண்டுமல்லவா?