சாமிநாதையர் கற்ற நூல்

டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1855ஆம் ஆண்டு தஞ்சை நாட்டில் பிறந்தார். 1871 முதல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம், அப்பெரியார் 1876இல் காலஞ்சென்றமையளவும், பாடங்கேட்டார். அந்தாதி, கோவை, பிள்ளைத்தமிழ், புராணமென அவர் கற்றவை மிகப் பல. 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரும் ஆயினார்.

அவ்வாண்டு அக்டோபர்த் திங்களில், அந்நகர்க்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் கண்டு, தாம் கற்றவற்றை நிரலே கூறினார். முதலியாரோ வியந்திலர், சீவகசிந்தாமணி முதலிய பழைய நூல்களைப் பயின்றதுண்டோ என வினவினார். அந்நூல் அதுகாறும் ஐயருக்குக் கிட்டியதில்லை. பிறராயின் சினந்து அகன்றிருப்பர். ஐயரோ, பின்னர் முதலியார் தந்த பிரதியைப் பெற்றுக் கற்கத் தொடங்கினார். சைவமடத்துச் சூழலிற் பயின்ற அவருக்குச் சமண நூலின் கொள்கைகள் எளிதில் விளங்கவில்லை. ஆதலின், ஆசிரியராகிய தாமே அவ்வூர்ச் சமணரை அடைந்து, மாணாக்கர்போல் ஐயம் வினவித் தெளிந்தார்.

அக்கல்வியின் பயனாகச் சிந்தாமணி 1887இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் அவர் பதிப்பாக வெளிவந்தன. 1942இல் ஐயர் இறைவனடி எய்தினார்.

தேர்வுக்குக் குறித்த ஏடுகளோடு மனநிறைவெய்தும் மாணவராகிய யாம் இவ்வரலாற்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கல்லாத நூல் எதுவென அறிவதே கல்வியின் வாயில். பிற சமயத்தார் நூலையும் அவர் வாயிலாகவே உணர்தல் அன்பின் பாற்பட்டது. கிறிஸ்தவராகிய யாம் இன்று சிந்தாமணியை ஓதி இன்புறுவதும் அவ்வன்பின் பயனன்றோ! ஐயர் இயற்றிய 'என் சரித்திரம்' என்னும் நூலை நம் கல்லூரித் தோழர் யாவரும் இவ்விடுமுறையிற் கற்பாராக.