பாரதியை அச்சேற்றிய வழக்கறிஞர்

தமிழ்க் கவிதையின் வரலாற்றில் வழக்கறிஞருக்குக் கிடைக்கும் இடம் அரிது. அந்த இடத்தைப் பெற்றவர் வி. கிருஷ்ணசாமி ஐயர். அதை அவர் பெற்றது கவிதை எழுதி அன்று. தம் அரசியல் எதிரியின் பாடல்களுக்குத் தம் கைப்பொருளைச் செலவிட்டு.

1863-ல் தஞ்சை மாவட்டத்துத் திருவிடைமருதூரில் பிறந்தார். கும்பகோணத்திலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். 1885-ல் சென்னை உயர்நீதிமன்றத்தில் வக்கீலானார். பெயர்பெற்ற பாரிஸ்டர்களும் மூத்த வக்கீல்களும் நிறைந்த அம்மன்றத்தில் தொடக்க ஆண்டுகள் வறண்டே கழிந்தன. மேல்முறையீட்டில் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்து வியப்பூட்ட வழியில்லை. கீழ்நீதிமன்றக் கட்டுகளையும் முன்தீர்ப்புகளையும் கரைத்துக் குடித்தவருக்கே அங்கு வாழ்வு. அவ்வுழைப்பு அவருக்கு இயல்பாயிருந்தது. 1891-ல் தோன்றிய 'மதராஸ் லா ஜர்னல்' இதழை உருவாக்கியவர்களுள் அவரும் ஒருவர்.

1906 அக்டோபர் 22 அன்று சென்னையின் பெருவணிக நிறுவனமான ஆர்பத்நாட் கம்பெனி கதவடைத்தது. ஓய்வூதியக்காரர், கைம்பெண்கள், கோயில் அறநிலையங்கள் என எத்தனையோ பேரின் சேமிப்பு அதனோடு முழுகிற்று. பணமிழந்தோருக்காக வழக்காடியவர்களுள் கிருஷ்ணசாமி ஐயர் முன்நின்றார். நிறுவனத்தின் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் சிறை சென்றார். ஆயினும் தண்டனையால் இழந்த பணம் மீளுமா? வெள்ளையர் நிறுவனத்தை நம்பிக் கெட்டவர்களுக்கு நம்மவர் நடத்தும் வங்கி ஒன்று வேண்டுமென அவர் செல்வர்களையும் நகரத்தாரையும் திரட்டினார். 1907 ஆகஸ்டு 15 அன்று இந்தியன் வங்கி தன் பணியைத் தொடங்கியது.

அதே 1907-ல்தான் மற்றொன்றும் நிகழ்ந்தது. காங்கிரசில் அவர் மிதவாதி. 'இந்தியா' இதழை நடத்திவந்த சுப்பிரமணிய பாரதியோ தீவிரவாதி. மிதவாதத் தலைவர்களைக் கூசாமல் எள்ளியவர். பதிப்பாளர் ஜி. ஏ. நடேசன் பாரதியை அவரிடம் அழைத்துச் சென்றார். நாட்டுப் பாடல்களைப் பாரதி பாடக் கேட்ட ஐயர் உருகிப்போனார். பாடல்கள் சிலவற்றைத் தம் செலவில் சிறு வெளியீடாக அச்சிட்டு, 15,000 படிகளை இலவசமாகப் பரப்பினார். முந்நூறு படிகளை விற்க முடியாமல் வீட்டுப் பரணில் அடுக்கும் நம் கவிஞர்கள் இந்த எண்ணை நின்று பார்க்கலாம்! பாரதி தம் பாடல்களை நூலாக வெளியிட்டது அதற்கடுத்த ஆண்டில், 1908-ல்.

இருவரும் கட்சி மாறவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் சூரத் காங்கிரஸ் பிளவுபட்டபோது எதிரெதிர் அணிகளிலேயே நின்றனர். எதிர்க்கட்சியின் வாதத்திலுள்ள வலிமையை மறைக்காமல் எடைபோடும் மேல்முறையீட்டு வக்கீலின் பழக்கம் கவிதையிலும் அவருக்கு உதவிற்று எனலாம். தம் அணிக்குச் சாதகமாகப் பாடியவரை மட்டும் தேடியிருந்தால் அந்த 15,000 படிகள் பிறந்தே இரா.

மயிலாப்பூர் சமஸ்கிருதக் கல்லூரியும் அவர் முயற்சியில் எழுந்ததே. 1909-ல் உயர்நீதிமன்ற நீதிபதியானார். 1911-ல் ஆளுநரின் நிர்வாகக் குழுவில் அமர்ந்தார். அவ்வாண்டு டிசம்பரில் 48 வயதில் காலமானார். அவர் பணியாற்றிய அரசின் பிடிக்கு எட்டாமல் பாரதி அப்போது புதுச்சேரியில் இருந்தார்.