விஸ்வரூபத்தில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ்: தப்பான ‘இந்தியா’வும் டாக்ஸியில் தொலைந்த டேப்பும்!

பல தலைகள், எண்ண முடியாத கைகள், சுற்றிலும் தேவர்கள். நம்ம ஊர் காலண்டர்களில் நாம் பார்த்துப் பழகிய விஸ்வரூப தரிசனம். ஆனால் நடுவில் இருக்கும் முகம் மட்டும் விஷ்ணு இல்லை. அமெரிக்க கிதார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ். அவருடைய இரண்டு பக்கமும் பேண்ட் நண்பர்கள் நோயல் ரெடிங், மிட்ச் மிட்செல்.

இது 1967 டிசம்பர் 1-ம் தேதி பிரிட்டனில் வெளியான ‘ஆக்ஸிஸ்: போல்ட் ஆஸ் லவ்’ ஆல்பத்தின் அட்டை. ‘தி ஜிமி ஹென்ட்ரிக்ஸ் எக்ஸ்பீரியன்ஸ்’ பேண்டின் இரண்டாவது ஸ்டுடியோ ஆல்பம். இன்று ராக் உலகின் பிரபலமான அட்டைகளில் ஒன்று. ஆனால் ஹென்ட்ரிக்ஸுக்கு அது பிடிக்கவே இல்லை. ஏன்?

யார் இந்த ஹென்ட்ரிக்ஸ்?

1942 நவம்பர் 27-ல் அமெரிக்காவின் சியாட்டிலில் பிறந்தவர். வறுமையான கறுப்பினக் குடும்பம். அப்பா, அம்மா இருவருக்கும் குடிப்பழக்கம், ஓயாத சண்டை. 1951-ல் விவாகரத்து. ஜிமிக்கு 15 வயதாக இருக்கும்போது அம்மா லூசில் இறந்துபோனார். இறுதிச் சடங்குக்குக்கூட மகன்களை அப்பா அழைத்துப் போகவில்லை.

பள்ளி நாட்களில் துடைப்பத்தைக் கிதார் மாதிரி பிடித்துக்கொண்டு திரிந்த பையன் அவர். அப்பாவோடு வேலைக்குப் போன இடத்தில், குப்பையில் கிடந்த ஒரு யுகுலேலே கிடைத்தது. அதில் இருந்தது ஒரே ஒரு கம்பி. அதை வைத்தே பாட்டுகளை வாசிக்கப் பழகினார். 1958-ல்தான் 5 டாலருக்கு முதல் கிதார் வந்தது. இடது கைப் பழக்கம் உள்ளவர் என்பதால், பின்னாளில் வலது கைக்காரர்களுக்கான கிதாரைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்து வாசித்தார்.

திருட்டு கார்களில் போய் இரண்டு முறை சிக்கியபோது, ஜெயிலா, ராணுவமா என்ற கேள்வி வந்தது. ராணுவத்தைத் தேர்ந்தெடுத்தார். 1961-ல் சேர்ந்து, பாராசூட் படைப் பிரிவில் பயிற்சி பெற்று, அடுத்த ஆண்டே வெளியே வந்தார். பிறகு லிட்டில் ரிச்சர்ட், ஐஸ்லி பிரதர்ஸ் போன்றவர்களுக்குப் பின்னால் நின்று கிதார் வாசிக்கும் வேலை.

1966-ல் நியூயார்க்கில் அவரைக் கண்டெடுத்தவர், ‘தி அனிமல்ஸ்’ பேண்டைச் சேர்ந்த சாஸ் சாண்ட்லர். செப்டம்பர் 24-ல் ஹென்ட்ரிக்ஸ் லண்டனில் இறங்கினார். சில வாரங்களிலேயே பேண்ட் ரெடி. 1967 மே மாதம் முதல் ஆல்பம். ஜூன் 18-ல் மான்டரே இசை விழாவில், மேடையிலேயே கிதாருக்குத் தீ வைத்தார். ஒரே இரவில் அமெரிக்காவும் திரும்பிப் பார்த்தது.

பிரச்சினை அங்கேதான் ஆரம்பம். பல்லால் கிதார் வாசிப்பவர், கிதாரை எரிப்பவர் என்றே எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். பாட்டு எழுதுபவராக யாரும் பார்க்கவில்லை.

டாக்ஸியோடு போன டேப்

ஒப்பந்தப்படி 1967 முடிவதற்குள் இரண்டாவது ஆல்பத்தைக் கொடுத்தாக வேண்டும். லண்டன் ஒலிம்பிக் ஸ்டுடியோவில் சாண்ட்லர் தயாரிக்க, எடி கிராமர் ஒலிப்பதிவு செய்தார். கையில் இருந்தது நான்கு டிராக் மெஷின். நான்கும் நிரம்பினால், அவற்றைக் கலந்து வேறு டேப்பில் ஏற்றி, புது ஒலிகளுக்கு இடம் பிடிக்க வேண்டும். இன்று போன் ஆப்பிலேயே செய்யும் வேலைக்கு அன்று அவ்வளவு பாடு.

எல்லாம் முடிந்த நேரத்தில், ஆல்பத்தின் முதல் பக்கத்துக்கான மாஸ்டர் டேப்பை ஹென்ட்ரிக்ஸ் ஒரு லண்டன் டாக்ஸியின் பின்சீட்டில் வைத்துவிட்டு இறங்கிவிட்டார். அது திரும்பி வரவே இல்லை.

நல்லவேளையாக, தனித்தனியாகப் பதிவான மூல டேப்புகள் ஸ்டுடியோவில் இருந்தன. அதாவது காய்கறியும் மசாலாவும் வீட்டில் பத்திரம், சமைத்த குழம்பு மட்டும் போயிடுச்சு. ஹென்ட்ரிக்ஸ், சாண்ட்லர், கிராமர் மூவரும் உட்கார்ந்து, முதல் பக்கத்தின் பெரும்பகுதியை ஒரே ராத்திரியில் மறுபடி மிக்ஸ் செய்தார்கள்.

‘இஃப் சிக்ஸ் வாஸ் நைன்’ பாடல் மட்டும் பழைய மாதிரி வரவே இல்லை. அதன் பிரதி ஒன்று ரெடிங்கிடம் இருந்தது. ஆனா அந்த டேப் கசங்கிக் கிடந்தது. துணிக்குப் போடும் அயர்ன் பாக்ஸால் அதைத் தேய்த்து நேராக்கிப் பயன்படுத்தினார்கள்!

நெருப்பு இல்லாத ஹென்ட்ரிக்ஸ்

இவ்வளவு அவசரத்தில் செய்த ஆல்பத்தில்தான் ஹென்ட்ரிக்ஸின் மென்மையான பக்கம் தெரிகிறது. ‘லிட்டில் விங்’ இரண்டரை நிமிடம்கூட ஓடாது. கிதாரோடு சின்ன மணி மாதிரி கேட்கும் க்ளாக்கன்ஸ்பீல் ஒலி. ‘கேஸில்ஸ் மேட் ஆஃப் சேண்ட்’ மூன்று குட்டிக் கதைகள்: சண்டை போடும் ஒரு தம்பதி, போர்த்தலைவனாகக் கனவு காணும் ஒரு பழங்குடிச் சிறுவன், நடக்க முடியாத ஒரு பெண். சியாட்டில் வீட்டுச் சண்டைகளைத் தெரிந்துகொண்டு கேட்டால், முதல் கதை சும்மா கடந்துபோகாது.

கடைசிப் பாடலின் முடிவில் ஒலி ஸ்பீக்கர்களுக்கு இடையே சுழன்று சுழன்று வரும். கிராமரும் உதவியாளர் ஜார்ஜ் கியான்ட்ஸும் டேப்பை வைத்தே செய்த ஸ்டீரியோ வித்தை அது. ஆல்பம் பிரிட்டனில் 5-வது இடத்தையும், அடுத்த மாதம் வெளியான அமெரிக்காவில் 3-வது இடத்தையும் பிடித்தது.

சரி, அட்டைக்கு என்னாச்சு?

தந்தை வழிப் பாட்டி மூலம் தங்களுக்கு செரோக்கி பழங்குடி ரத்தம் உண்டு என்பது ஹென்ட்ரிக்ஸ் குடும்பத்தில் சொல்லப்பட்டுவந்த விஷயம். அமெரிக்கப் பழங்குடிகளையும் அன்று ‘இந்தியன்’ என்றே அழைத்தார்கள். அட்டையில் இந்தியன் என்றால், அது தன் வேர்களைக் காட்டும் இந்தியனாக இருந்திருக்க வேண்டும் என்பதுதான் அவருடைய வருத்தம்.

ஆனால் 1967-ல் லண்டனுக்கு இந்தியா மோகம். பீட்டில்ஸ் மகரிஷியைச் சந்தித்தது அந்த ஆண்டுதான். மான்டரேயில் ஹென்ட்ரிக்ஸ் கிதாரை எரித்த அதே நாளில், ரவிசங்கர் அங்கே சிதார் வாசித்திருந்தார். அச்சில் வந்த விஸ்வரூபப் படம் ஒன்றை எடுத்து, கார்ல் ஃபெரிஸின் புகைப்படத்தைப் பார்த்து ரோஜர் லா வரைந்த மூவரின் முகங்களை அதில் பொருத்தினார்கள். மேடையில் வித்தைக்காரராகவே பார்க்கப்பட்டவர், அட்டையிலும் வேறு யாரோ ஆனார்.

23 நாள்

1968-ல் வந்த மூன்றாவது ஆல்பம் ‘எலெக்ட்ரிக் லேடிலேண்ட்’ அமெரிக்காவில் முதலிடம். 1969 ஆகஸ்ட்டில் உட்ஸ்டாக் மேடை. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த நேரத்தில், குண்டுச் சத்தம் மாதிரி அலறிய கிதாரில் அமெரிக்க தேசிய கீதம் வாசித்தார். அதற்குள் பழைய பேண்ட் உடைந்திருந்தது.

அவசரம் இல்லாமல், தன் இஷ்டத்துக்கு வேலை செய்ய ஒரு இடம் வேண்டும் என்று நியூயார்க்கில் சொந்தமாக ‘எலெக்ட்ரிக் லேடி’ ஸ்டுடியோவைக் கட்டினார். 1970 ஆகஸ்ட் 26-ல் திறப்பு விழா. சரியாக 23 நாள் கழித்து, செப்டம்பர் 18-ல், லண்டனில் தூக்க மாத்திரை அளவு மீறியதில் வாந்தி மூச்சை அடைத்து இறந்துபோனார். வயது 27. எந்தச் சூழலில் நடந்தது என்று முடிவுசெய்யப் போதுமான ஆதாரம் இல்லை என விசாரணை முடிந்தது.

லண்டனில் முதன்முதலாக வந்து இறங்கி அன்றைக்கு நான்கு வருடம்கூட முழுசாக ஆகவில்லை. ஆறு நாள் குறைவு. நேரத்துக்காகக் கட்டிய ஸ்டுடியோ இன்றும் நியூயார்க்கில் இயங்குகிறது. நேரம்தான் மனுஷனுக்குக் கிடைக்கவில்லை.